முப்பது வாரம்

எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தவள் நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், குவைத்தில் வேலை செய்த சித்தப்பாவின் டிக்கெட், எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நாராயணவனத்தில் எங்கள் தெருவில் வேறு எந்த ஏழாம் வகுப்புக்காரிக்கும் அந்தப் பெருமை கிடையாது.

சித்தப்பா அந்த வருடம் புரட்டாசியில் லீவில் வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். சித்திரையில் சித்திக்குக் கால் வீங்கியது. அம்மா அவளைப் புத்தூருக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் முதல் ஸ்கேன். கடைசியாக எப்போது விலக்கானோம் என்று சித்திக்கே சரியாக நினைவில்லை. அவளுக்கு எப்போதும் மாதம் தவறித் தவறித்தான் வரும். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதே போதுமென்று இருவரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

மாலை பெரியப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. தலையின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று மில்லிமீட்டரில் நிறைய எண்கள். கீழே, அவற்றை வைத்துக் கணக்கிட்ட வயது: முப்பது வாரம். அதையடுத்து ஒரு கூட்டல் குறி, அதற்கடியில் ஒரு கோடு, பிறகு இரண்டு வாரம் என்று இருந்தது. அந்தக் குறியை நான் அதுவரை பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். முப்பது வாரம் என்று மட்டும் உரக்கப் படித்தேன்.

பெரியப்பா பழைய காலண்டரையும் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினார். சித்தப்பா வந்து இறங்கிய நாளையும் தாண்டிப் பத்தொன்பது நாள் பின்னால் போய் அவர் விரல் நின்றது.

சித்தி கதவோரம் நின்றிருந்தாள். "அவரு வந்தப்பறந்தான் மாமா" என்றாள். மற்றதையெல்லாம் புருஷனின் அண்ணனிடம் எப்படிப் பேசுவாள்?

"நான் இன்னாமா சொன்னேன்? மிசினு சொல்லுது" என்றார் பெரியப்பா. குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்றே குவைத்துக்குப் போன் போனது. தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறதா என்று மட்டும் சித்தப்பா கேட்டாராம். என்னைப் பெற்ற நைனா தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சித்தியின் அண்ணன், அவள் பிறந்த ஊரான கங்காதர நெல்லூரிலிருந்து வந்து அவளை அழைத்துப் போனார்.

தாளில் போட்டிருந்த பிரசவத் தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான் பெண் குழந்தை பிறந்தது. அம்மா தயங்கித் தயங்கி அதைப் பெரியப்பாவிடம் சொன்னாள். "புள்ளனா முன்ன பின்னதான் பொறக்கும்" என்று அவர் முடித்துவிட்டார். சித்தப்பா குழந்தையைப் பார்க்க வரவேயில்லை.

இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறேன். அளப்பதில் உள்ள ஐயம் அதிலிருந்து கணக்கிடும் எல்லாவற்றிலும் கூடவே வரும் என்று வருடாவருடம் சொல்லித் தருகிறேன். எலும்பை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வயதில் சில நாட்கள் பிசகும். ஒரே வயதுக் கருக்களிலும் ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக. கருவின் வயதை டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறார்கள்; கரு தரிப்பதோ சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் அந்தப் பத்தொன்பதில் பதினான்கு நாள் முதலிலேயே கழிந்துவிடும். மீதி ஐந்து. நான் படிக்காமல் விட்ட குறியோ முன்னும் பின்னும் பதினான்கு நாள் கொடுத்திருந்தது.

பெரியப்பா உயிரோடு இருந்தபோதே போய் இதைச் சொன்னேன். இப்போ இன்னாத்துக்கு அதெல்லாம் என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

சித்தி கிளம்பிய அன்று காலை நான் ஸ்கூலுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அதுல வேற இன்னா போட்டுகிது? இன்னொருவாட்டி பாத்து சொல்லு கண்ணு."

என் இங்கிலீஷை அவள் நம்பவில்லை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீடு முழுக்கக் கேட்கும்படி, முப்பது வாரம் என்றேன். சித்தி எழுந்தாள். தாளை நான்காக மடித்து, புடவைகளுக்கு நடுவே வைத்துப் பையை மூடினாள். தன்னை வீட்டைவிட்டு அனுப்பிய அந்தத் தாளை அவள் ஏன் அத்தனை பத்திரமாக எடுத்துப் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.