நல்லூருக்குப் போன சைலன்சர்

அம்மா நல்லூரில் தன் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் எங்கள் காரின் சைலன்சர்தான் என்று அப்பா நம்பினார். அந்த சைலன்சரைக் கெடுத்தவள் நான் என்பதால், காரணம் நான்தான் என்று நான் நம்பினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேர் தனித்தனியாக இப்படி நம்பிக்கொண்டிருக்க வசதியாக, எங்கள் வீட்டில் பேச்சு என்பதே குறைவு.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தார். கோபம் வந்தால் கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். வாயை மூடிக்கொள்வார். ஒருமுறை மூடினால் பத்து நாள், பதினைந்து நாள். சூளையையாவது மூன்றாம் நாள் திறந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்வாள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்படி ஒரு மௌனத்தின் நடுவில், ஒன்றரை வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள். பரீட்சை முடிந்தது, விடுமுறையும் முடிந்தது. அவள் வரவில்லை.

பொங்கல் கழிந்ததும் அப்பாவும் நானும் அவளைக் கூப்பிடப் போனோம். எங்களிடம் பல கை மாறி வந்த ஒரு டீசல் கார் இருந்தது. அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, வண்டி போகிற தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க மாப்ள. நீங்க விருத்தாசலத்துல வண்டிய எடுக்கறப்பவே இங்க டீ போடச் சொல்லிட்டேன்” என்றார்.

அம்மா தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெறுங்கையோடு திரும்பும் வழியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். குடும்பத்தில் ஓட்டை விழுந்த இடம் சைலன்சர், அதை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்குள் ஏற்கெனவே சத்தமே இல்லாமல் இருந்ததை அவர் ஒரு குறையாக எண்ணியதில்லை.

கம்பெனி சைலன்சர் அந்த மாடலுக்கு வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. பாண்டியில் ஒருவர் அதே அளவுக்குப் பைப்பை வளைத்து, டப்பாவை ஒட்டிக் கொடுத்தார். அதே அளவு என்பது அவர் சொன்னதுதான். மங்கலம்பேட்டை சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாட்டுகிற முறையைச் சொன்னார்.

“வெளியில செஞ்ச பைப்பு எதுவும் மொதல்லயே நேரா வராதுங்க. எல்லா போல்ட்டையும் கையால முடுக்கி லூசா வுட்ருங்க. பின்னாடி ரப்பருல மாட்டி ஆட்டி வுட்டா, அதுவே ஒரு எடத்துல வந்து உக்காரும். கடைசியாத்தான் ஸ்பேனரத் தொடணும்.”

அப்பா கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அம்மாவுக்காகச் செய்கிற வேலையைத் தன் கையால் செய்ய நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சனிக்கிழமை, வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சூளைச் செங்கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்தார். என்ஜினோடு பைப்பு சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட்டுக்கு அவருடைய கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. கையால் முடுக்கினால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தபோது செல்போன் அடித்தது. அம்மா.

அவர் தெருப்பக்கம் போய்ப் பேசினார். “நாளைக்கா? நாளைக்கேவா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா வரப்போகிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பேனரை எடுத்தேன். போல்ட்டில் மாட்டி, இரண்டு காலையும் சக்கரத்தில் ஊன்றிக்கொண்டு, இழுக்க முடிந்த மட்டும் இழுத்தேன். இறுக்கமாக இருந்தால் அவள் மறுபடி போகமாட்டாள் என்று ஏதோ ஒரு எண்ணம். பைப்பு கோணலாகவே இறுகிப்போனது.

அப்பா வந்து பின்பக்கத்தை மாட்டப் போனார். கொக்கிக்கும் ரப்பருக்கும் இரண்டு விரல்கடை இடைவெளி. அவர் முன்பக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. பாண்டிக்காரர் அளவைத் தவறவிட்டார் என்று எண்ணிக்கொண்டு கடப்பாரையை வைத்து நெம்பி, ரப்பரை இழுத்து மாட்டிவிட்டார். பின்னால் நெம்பியதில் முன்னால் போல்ட்டுக்குப் பக்கத்தில் பைப்பின் இணைப்பு வாய் பிளந்து நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்தது.

மேல் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அடிப்பார் என்ற பயமில்லை எனக்கு, பேசமாட்டார் என்ற பயம். நாளைக்கு அம்மா வருகிற நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்?

அந்த இடுக்குக்கு அப்பாவிடம் மருந்து இருந்தது. சூளையில் சரக்கை அடுக்கிய பிறகு கதவின் விளிம்பைச் சுற்றிப் பூசுகிற மண். உள்ளே நெருப்பு என்ன ஆட்டம் ஆடினாலும் ஒரு இழை புகை வெளியே வராது. அதில் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடுக்கில் அப்பி, கட்டைவிரலால் வழித்துவிட்டார். “ஆயிரத்து எரநூறு டிகிரி தாங்கும் பாப்பா” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மண் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும்தான். ஆனால் சூளை நின்ற இடத்தில் நிற்கும், கார் குலுங்கும். இருபது வருஷம் சூளையோடு பழகியவருக்கு அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிவர நல்லூருக்கு வண்டி பூனை மாதிரிப் போனது. வேகத்தடைகளில் மட்டும் அடியில் பைப்பு எதிலோ இடித்தது. பெரிய மாமாவுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா தம்பியோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கையில் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று, காலியாக, நாலாக மடித்து வைத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

“உனக்கு யூனிபாரம் எத்தினி செட்டு இருக்குது?” என்று கேட்டாள்.

இரண்டு என்றேன். அதில் ஒன்று கிழிந்ததையும் சொன்னேன். முன்னால் அப்பாவின் முதுகு அசையவில்லை.

பாதி வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உடனே பழைய சத்தம், முன்னைவிடப் பெரிதாக. கூடவே காலடியிலிருந்து புகை. கண்ணாடிகளை இறக்குவதற்குள் தம்பி வாந்தியெடுத்தான். அப்புறம் அவன் தலை அம்மாவின் தோளில் துவண்டு விழுந்தது.

“நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்கன்றன்ல!”

இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, காற்றோட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். தம்பி வீரிட்டு அழுத பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். “வெளிய கேக்கறவங்களுக்காகத்தான் எல்லாம் செய்வீங்க. உள்ள குந்தியிருக்கறவங்களுக்கு இந்தப் பொகதான்” என்றாள்.  அப்பா சட்டையோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போய்விட்டார். வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம் எதுவும் வரவில்லை.

அவர் வருவார் என்று அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். நல்லூர்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. அவள் கையைக் காட்டினாள். தம்பியை இடுப்பிலும் பையை அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ எங்கூட வரியா?”

கண்டக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்றார். எனக்கு அந்த போல்ட்டின் நினைவுதான். அப்பா வெளியே வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தளர்த்தி மறுபடி நேராக மாட்ட வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட வர வேண்டும். இவ்வளவு வேலையை வைத்துக்கொண்டு நல்லூரில் போய் உட்கார முடியுமா?

“நீ போம்மா. நான் அப்பாகூடயே இருக்கறேன்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். நான் கை காட்டினேன்.

சில மாதங்கள் கழித்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பெண்பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்ததாம். “நான் அவளையே கேட்டுட்டேன். அப்பாகூடயே இருக்கறேன்னுட்டா” என்று அம்மா சொன்னாளாம். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அப்பாவோடு வளர்ந்தேன், கோடை விடுமுறைக்கு மட்டும் அம்மாவிடம் போனேன்.

அந்த பஸ்ஸில் வருகிறாயா என்றுதான் அவள் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.