வெற்றிலைத் தட்டோடு பன்விலை மலைக்கு

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குக் கண்டி ஸ்டேஷனில் இறங்கினோம். கொழும்பு கோட்டையிலிருந்து எழுபத்தைந்து மைல். வழி நெடுக வாய் ஓயாமல் பேசியவன் நான் ஒருவன்தான். என் மனைவி செல்லம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியில் முடிந்த பித்தளைத் தட்டை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். ஐந்து வயது மகள் பாக்கியம் கடுகண்ணாவ ஏற்றத்து ரயில் குகைகளை எண்ணத் தொடங்கி, ஆறாவது குகையிலேயே தூங்கிப் போனாள்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் அக்காவும் அத்தானும் குடையோடு வந்து எங்களை மஹய்யாவவில் உள்ள தங்கள் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள்.

லீவில் மலை ஏறப் போகிறோம் என்றுதான் நான் வேலை செய்யும் அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது பொய்யில்லை. ஏன் ஏறுகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை, வெட்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை, கண்டிப் பிள்ளையார் கோயிலில் பாக்கியத்துக்குக் காது குத்து. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். செல்லம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், முத்துவேல். பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறார், செடியைக் கத்தரித்துவிடும் வேலை. தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் அச்சுக் கோக்கிறவன். பள்ளிக்கூடத்துப் படிப்பு கிடையாது. ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கியே படித்தவன். மகளின் விசேஷத்துக்கு ரோஸ் காகிதத்தில், சுற்றிலும் பூங்கொடி ஓரம் வைத்து, என் கையாலேயே அழைப்பு அச்சடித்தேன். "தாய்மாமன் முத்துவேல் அவர்கள்" என்ற வரிக்கு இருப்பதிலேயே பெரிய எழுத்து. அந்த மிதப்பில் அவருக்கும் ஒன்றைத் தபாலில் போட்டுவிட்டேன். ஊராருக்குத் தபால் போதும். மாமனுக்கு நேரில் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து, வெற்றிலை வைத்து அழைக்க வேண்டாமா?

கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போயிருக்கிறது. கணக்கப்பிள்ளை அதை விடியற்காலைப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற இருநூறு பேர் நடுவே, உரக்கப் படித்திருக்கிறார். சிரிப்பு, தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்டதாம். மச்சான் பதிலை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "மாமனைத் தபால்ல கூப்பிட்டாங்கல்ல? மடியையும் தபால்லயே அனுப்புறேன்னு சொல்லு."

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "நீ அச்சடிச்சதெல்லாம் அழகுதான்டா தம்பி. பார்க்காத பயிரும் போகாத உறவும் பாழுன்னு, அதையும் அடியில ஒரு வரி அச்சடிச்சிருக்கலாம்."

நான் குழம்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணி ரயில் பிடித்து வத்தேகமவில் இறங்கினோம். பன்விலை போகும் பஸ் ஒன்று நின்றது. சிங்களச் சாரதி படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எப்பங்க புறப்படும்?"

"ஆள் வந்தா போறது. வராட்டி போறதில்ல."

நான் அவரிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேசத் திரும்புவதற்குள் செல்லம்மா தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஐம்பது கெஜம் நடந்துவிட்டாள். பாக்கியத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ஆறு மைல் என்று அத்தான் சொல்லியிருந்தார். மலைநாட்டு மைலுக்கு வால் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. இடப்பக்கம் கொக்கோவும் மிளகும், வலப்பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் நக்கிள்ஸ் மலைத்தொடர் மடக்கிய கைவிரல் முட்டிகள் போல மேகத்துக்கு மேல் தெரிந்தது.

பத்தரை மணிக்குப் பன்விலைக் கடைவீதி. ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வெறும் தேத்தண்ணி குடித்தோம், கோப்பை இரண்டு சதம். கடைக்கார நானா தட்டைப் பார்த்துவிட்டு விசாரித்தார். நான் முழுக்கதையும் சொன்னேன். எனக்குச் சுருக்கத் தெரியாது.

"எல்லாஞ் செரி தம்பி, தொரெட துண்டு ஈக்கா? அது இல்லாம வெளியாள லயத்துக்கு உட மாட்டாங்களே."

தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு! கொழும்புக்காரன் எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை துரையை எங்கே போய்ப் பிடிப்பது? "திரும்பிடலாமா செல்லம்?" என்றேன்.

"துண்டு இல்லன்னா என்ன, கால் இருக்குல்ல?" என்றாள். நானா சிரித்து, அட்டைக்கடிக்குக் காலில் பூச என்று ஒரு சிறு சவர்க்காரக் கட்டி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. சவர்க்காரம் பூசியும் அட்டைகள் என்னைத்தான் விரும்பின. பன்னிரண்டே காலுக்கு ஓடை ஒன்றின் மேல் மரப்பாலம். அந்தக் கரையில் தோட்டம் தொடங்குகிறது. தடியோடு காவல்காரர் ஒருவர்.

"துண்டு?"

"இல்லீங்க. எங்கண்ணனைப் பார்க்கணும்" என்றாள் செல்லம்மா.

"ஆத்தா, ஒன்ன விட்டா எனக்கு நாளைக்கு வேலை இல்ல. ஒங்கண்ணனுக்கும் சேர்த்து இல்ல."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. நான் பாக்கியத்தைத் தோளிலிருந்து இறக்கினேன். செல்லம்மா பாலத்துக்கு இந்தப் பக்கம், பலாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள். "பாலத்தைத் தாண்ட மாட்டேன். ஆனா எந்திரிக்கவும் மாட்டேன்."

ஓடையில் துணி துவைத்த பெண்கள் தலையில் சுமையோடு பாலம் ஏறினார்கள். ஒருத்தி நின்றாள். "யாரு, முத்துவேலு அண்ணன் தங்கச்சியா? அந்தத் தபால் வீட்டுக்காரங்களா?" எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேதியும் கொண்டுபோனார்கள்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. மேற்கே இடி உருண்டது. நேரில் வந்தால் மட்டும் போதாது. வீட்டுக்குப் போய் வைக்காத வெற்றிலையை அவர் வாங்குவாரா என்பதுதான் கேள்வி. அதைச் செல்லம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. தட்டைப் பிரித்து, நசுங்கிய வாழைப்பழம் இரண்டைப் பாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நல்ல பக்கம் மேலே தெரிய அடுக்கினாள்.

ஒன்றே முக்காலுக்குப் பாதையில் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் மச்சான், தோளில் சுருட்டிய பாய். பின்னால் அவர் மனைவி, கையில் செம்பு. மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா மச்சான், முத்திரை ஒட்டாம வந்திட்டீங்க?"

"அட்டை நிறைய ஒட்டியிருக்கு மச்சான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தங்கையைப் பார்த்தார். அவள் சேலையின் விளிம்பில் முழங்கால் வரை சேறு. பாலத்தைக் கடந்து, பலாமரத்தடியில் சருகைக் காலால் ஒதுக்கிப் பாயை விரித்தார்.

"இதுதான் எங்க வீட்டுப் பாய். கல்லுல ஏன் ஒக்காந்திருக்க? வீட்டுக்குள்ள வா, புள்ள."

அண்ணி செம்புத் தண்ணீரை நீட்டினார். நாங்கள் வாங்கிக் குடித்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். செல்லம்மா தட்டை அண்ணன் முன் வைத்தாள். வழியெல்லாம் மனதில் கோத்து வந்த வார்த்தைகள் எல்லாம் போய், "வெள்ளிக்கிழமை, அண்ணே" என்பது மட்டும்தான் வந்தது. அவர் தட்டை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதே மழை விழுந்தது. பாயைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தோம். "காவக்கார அண்ணே, நீங்களும் எங்க வீட்டுக்குள்ள வாங்க, துண்டு கேக்க மாட்டோம்!" என்று மச்சான் கத்த, அவரும் ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தார். அந்த நெருக்கத்தில் அண்ணி மெதுவாகச் சொன்னார்: "திட்டுனாரே தவிர, அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்துல அவர்தான் ஒட்டினாரு. எழுத்து அம்புட்டு அழகுன்னாரு."

வெள்ளிக்கிழமை விடியலில் மச்சான் கோயில் வாசலில் நின்றார். ஆசாரி குத்தியபோது பாக்கியம் மாமன் விரலைக் கடித்தாள். கடிபட்டதை அவர் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

மறுநாள் கொழும்பு ரயில். கொழும்பில் எங்கள் வீட்டுக் கதவைப் பக்கத்து வீட்டார் தட்டாமலே தள்ளிக்கொண்டு வந்து உப்பு கேட்பார்கள். இதுவரை அதை ஒரு பாக்கியமாக நான் நினைத்ததில்லை. என் அச்சுக் காகிதம் ஒட்டியிருக்கும் சுவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த லீவுக்கு முன்னமே துரைக்கு மனு எழுதித் துண்டு வாங்கிவிடுவது என்று செல்லம்மாவிடம் சொன்னேன்.

அவள் வெறும் தட்டைத் துணியில் முடிந்துகொண்டே சொன்னாள்: "எழுதுங்க. ஆனா தபால்ல போட்டுடாதீங்க."