தூக்குக்குண்டு

ஷார்ஜா தொழிற்பேட்டையில் அவர் எங்கள் ஃபோர்மேன். எந்தச் சுவரைக் கண்டாலும் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டுச் சாய்வு பார்ப்பார்.

ஊரில் சர்ச் புயலில் இடிந்தது. அதைத் திரும்பக் கட்ட ஆறு கொத்தனார்களைச் சேர்த்துக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார்.

"திரும்பி வந்தா கம்பெனி எடுக்குமா அண்ணாச்சி?" என்றேன்.

"பாபிலோன்ல அடிமையா கெடந்த சனத்தக் கூட்டிக்கிட்டு ஆலயம் கட்டப் போனாரே செருபாபேல், அவரு ரிட்டன் டிக்கெட்டோடயால போனாரு?"

போகுமுன் கேம்ப் அறையில் என் கட்டிலோரச் சுவரிலும் குண்டைத் தொங்கவிட்டார்.

"அரை இஞ்சு சாஞ்சிருக்கு. நாங்க கட்டுறது சாயாது."

இன்றும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு உறுத்துகிறது.