வாப்பா

கல்யாணமாகி ஒரு வருடம் வரை என் மாமனாரிடம் நான் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. அவர் வந்தால் எழுந்து கதவோரம் ஒதுங்கி நிற்பேன். அதுதான் மரியாதை என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

என் கணவர் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வேலை ஓயாததால், நாங்கள் இருந்த திருமங்கலத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். மதுரையில் ஒரு வீடு அமைந்தால் நானும் போய்விடலாம். ஆனால் வீடு பார்க்கிற பொறுப்பு மாமனாருடையது. மனிதர் லேசில் மசிகிற ஆளா? ஒரு வீட்டில் கிணறு சரியில்லை, இன்னொன்றில் வாசல் சரியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் திறக்க முடியாது.

மூன்றாவது வீடு கோரிப்பாளையத்தில். கீழக்கரையிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம்; அவர்கள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. மாமனார் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். வாசலில் நின்ற நான்கு வயதுப் பெண்குழந்தை எங்களைக் கண்டதும், "வாப்பா! வாப்பா!" என்று கத்தியது. வேறு யாரும் வெளியே வரவில்லை.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இம்புட்டுப் பிள்ளை என்னைய 'வாப்பா'ங்குது, பேரப்பயலைக் கூப்பிடுற மாதிரி! 'வாங்க'ன்னு சொல்லப் பெரியவுக ஒருத்தரும் இல்ல. இவுக மரியாதை அம்புட்டுத்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

நான் கீழக்கரைப் பக்கத்துக்காரி. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வீடும் போனால் இன்னும் எத்தனை மாதமோ என்று நினைத்ததும், சொல்லிக்கொடுத்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"மாமா, நில்லுங்க! அது உங்களைச் சொல்லல. அவுக அத்தனை பேரும் அப்பாவை வாப்பான்னுதான் கூப்பிடுவாக. இது தொழுகை நேரம், அவரு உள்ள தொழுதுக்கிட்டிருப்பாரு, அதான் வரல!" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

மாமனார் திரும்பி என்னையே பார்த்தார். பிறகு அந்த வாசலுக்கே வந்தார். தொழுகை முடிந்து அவசரமாக வந்த வீட்டுச் சொந்தக்காரர், "வாங்க, வாங்க" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். வெள்ளிக்கிழமை குடிவருவதாகப் பேசி முடித்தார்கள்.

ஊர் திரும்ப பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். மாமனார் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒரு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே தாயி. என்னையக் கண்டாப் புடிக்கலைன்னுல்ல நெனச்சேன். நீ போனா இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டியோன்னுதான் வீட்டுக்கு வீடு குத்தம் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் வரும்வரை அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.