அத்தை வீட்டு வழி

போடியில் கடைத்தெருவை ஒட்டிய எங்கள் தெருவுக்கு ஒரே வாய்தான். உள்ளே நடந்தால் கடைசியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் பின்சுவர் வழியை மறித்து நிற்கும். வந்த வழியாகவே திரும்ப வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, பாதாளச் சாக்கடைக்காக அந்த வாயைத்தான் முதலில் தோண்டினார்கள்.

பொக்லைன் வந்த அன்று தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. தெருவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய குழி இறங்கியது. எல்லாக் குழாய்களும் வந்து சேரும் தொட்டியை அதற்குள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். நடந்து போகப் பலகை போட்டுக் கொடுத்தார்கள். வெரசா மூடிவிடுவோம் என்று மேஸ்திரி சொன்னதை அப்பா நம்பினார். அம்மா நம்பவில்லை.

ஐப்பசி மழை அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டது. குரங்கணி மலைமேல் விடாமல் பெய்ததில் குழிக்குள் ஊற்று திறந்து அது கிணறாகிவிட்டது. ஒரு மதியம் கரை சரிந்து பலகைகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. மூலைவீட்டுச் சுவரில் விரிசல் கண்டதும் தகரம் வைத்து அடைத்து, தண்ணீர் வற்றும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். தெரு முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் இரண்டு வாசல். முன்வாசல் எங்கள் தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும். அது என் அத்தையின் வீடு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாமாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். அவர் அங்கேயே இருந்தார். தோட்டத்தில் சோலி என்பதுதான் அவரைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட ஒரே தகவல். நான் பிறப்பதற்கு முன்பு ஒருமுறை அப்பா மேலே போய் அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி வந்தாராம். அதன்பிறகு அது மாமாவின் வீடு என்று அந்தப் படியை அவர் ஏறவில்லை. பொங்கலுக்குக் கரும்பும் வெல்லமும் மட்டும் என் கையில் போகும். அத்தை வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். என் கன்னத்தைத் தடவி விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொள்வாள். பிறகு கதவு மூடிக்கொள்ளும். பிள்ளை இல்லாத வீடு. தரையில் ஒரு தூசி இருக்காது. அழுக்காக்குவதற்கு ஆள் இல்லை.

பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய் வழி கேட்டார்கள். அத்தை சற்று யோசித்துவிட்டு, சட்டதிட்டங்களோடு ஒப்புக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சைக்கிள் கூடவே கூடாது. கூடத்தில் நின்று பேசக்கூடாது.

முதலில் உடைந்தது சைக்கிள் சட்டம். பால்காரர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கூடத்தைக் கடந்ததைப் பார்த்து அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது, உருட்டியே போங்கள் என்று சொல்லிவிட்டாள். சைக்கிள் போன வழியில் கேஸ் சிலிண்டர் போனது. இட்லிக்கடை அண்ணனின் மாவுத்தூக்குகள் போயின. ஒருநாள் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், அவர்களோடு பச்சை ஏலக்காய் வாசம் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. கால் கழுவ வைத்த தண்ணீருக்குப் பக்கத்தில் குடிக்க ஒரு பானை வந்தது. பானைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. நின்று பேசக்கூடாது என்ற சட்டம், உட்கார்ந்து பேசலாம் என்று மாறியது.

நானும் பள்ளி விட்டு அந்த வழியாகத்தான் வருவேன். போகிற வழிதானே என்று அம்மா தடுக்கவில்லை. அப்பா தெரியாததுபோல் இருந்தார். அவர் மட்டும் தகரத்தை விலக்கிக்கொண்டு, மூலைவீட்டுச் சுவரில் முதுகை உரசி, குழியின் ஓரமாகவே வந்துபோனார். அத்தையின் கூடத்தில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்குத் தேனியிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி ஆகியிருந்தது. விடியும் முன்பே தலைசீவிப் பூ வைத்துக்கொள்வாள். வாய் மூடாமல் பேசுகிற அத்தையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் இட்லிக்கடை அண்ணனின் அப்பா இறந்துபோனார்.

வெயில் ஏறும்வரை வந்தவர்களுக்கு ஒரே பேச்சுதான். எப்படித் தூக்கிக்கொண்டு போவது? ஒருவர் வீட்டுக்குள் இன்னொரு வீட்டுப் பிணம் நுழைவது வழக்கமில்லை. அதைக் கேட்பதே தப்பு. அதனால் அத்தை வீட்டுப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழியின் மேல் கம்பங்களைப் போட்டு, பாடையைக் கயிறு கட்டி இழுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கரை தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்தார். இட்லிக்கடை அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பன் மூட்டையாய்யா, கயித்துல கட்டி இழுக்க?” என்றார்.

அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள். எப்போதும் ஒருக்களித்தே இருக்கும் முன்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, கீழே கல்லை முட்டுக்கொடுத்தாள்.

“எம்வீட்டு வழியாக் கொண்டு போங்க” என்றாள்.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “வீட்டுக்காரரு இல்லாத நேரத்துல இதைச் செய்யலாமாத்தா?”

“அவரு இருக்கிற நேரம்னு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. அப்பக் கேட்டுக்கிறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு கேட்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெஞ்சையும் பானையையும் ஓரமாக நகர்த்தப் போய்விட்டாள்.

பாடை உள்ளே நுழைந்தபோது முன்பக்கம் தோள்கொடுத்தவர்களில் அப்பாவும் இருந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அப்படித்தான். அத்தை பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடந்துபோகும்போது அப்பா அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஊர்வலம் அடுத்த தெருவில் இறங்கியதும் எங்கள் தெருப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, அந்த வீட்டை முற்றம்வரை கழுவித் தள்ளினார்கள். அத்தையைத் துடைப்பத்தைத் தொடவிடவில்லை.

அந்த வாரமே மாமா வந்தார். பின்தெருவில் ஜீப்பு நின்ற சத்தம் கேட்டதும் அத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஊருப் பொணமெல்லாம் போறதுக்கு இதென்ன சுடுகாட்டுப் பாதையா?” என்றார்.

அத்தை, “உக்காருங்க. சோறு வெந்திரும்” என்றாள்.

அவர் அதட்டிக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், எவ்வளவு கேவலம், இதற்குப் பரிகாரம் செய்தாக வேண்டும் என்றார். அத்தை இலையைப் போட்டாள். திட்டிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தெருவுக்கும் வேலைகள் வந்தன. பால்காரர் உருட்டிக்கொண்டு வந்து, மாமாவைப் பார்த்துத் திகைத்து நின்றார். நீங்க போங்க என்று அத்தை கையைக் காட்டினாள். பின்னாலேயே ஒருவர் கோழிக்கூண்டோடு வந்தார். பிறகு பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாமா இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் அவர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தை விசிறிக்கொண்டே மறுசோறு போட்டாள். அவ்வளவு வசவு வாங்கியவளின் முகம் ஏன் அப்படி மலர்ந்திருந்தது என்று எனக்குப் புரியவில்லை. சோறு நன்றாக வெந்திருந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போகும்போது மாமா பின்கதவை வெளியிலிருந்து பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். இனி ஒருத்தரும் இந்த வழியில் வரக்கூடாது என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் அத்தை வந்து நின்றாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

“தம்பி, கதவுல பூட்டு இருக்கு. ஒடச்சுத் தாரியா?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் குழியோரமாகவே சுற்றி அடுத்த தெருவுக்குப் போனார். திரும்பும்போது அத்தை வீட்டுக்குள்ளாகவே நடந்து வந்தார்.

பூட்டை உடைத்ததற்கு மாமா என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம். அடுத்த தெருவில் ஜீப்பு சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுதுவதை நிறுத்துவேன். அத்தையும் நிறுத்துவாள், கையில் என்ன வேலை இருந்தாலும். சத்தம் நிற்காமல் கடந்துபோய்விடும். நான் மூச்சை விட்டு மறுபடி எழுதத் தொடங்குவேன். அவளும் என்னைப்போலவே பயப்படுகிறாள் என்றிருந்தேன். மாமா வரவில்லை. பூட்டைப் பற்றிக் கேட்கக்கூட வரவில்லை.

தண்ணீர் வற்றியது. தொட்டி கட்டி, குழாய் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினார்கள். தை முடிவதற்குள் எங்கள் தெருவுக்குக் காங்கிரீட் சாலை வந்துவிட்டது. சைக்கிள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதன்பிறகு எல்லாரும் அவரவர் வாசலிலிருந்து நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்கள். அப்பா கொஞ்சநாள் மாலையில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார், பிறகு அதுவும் வாரம் ஒருமுறை என்றானது. எனக்கும் சாலையில் நொண்டி விளையாடக் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் கட்டம் போடக் கரித்துண்டு கேட்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. வாசலில் நின்றால் பின்தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள். கழுவித் துடைத்த கூடத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பூ வைத்திருந்தாள். கரியை எடுத்துக் கொடுத்துவிட்டு என் கையை விடாமல் கேட்டாள்.

“தாயி, மறுபடியும் எப்பத் தோண்டுவாகளாம்?”

கடைசி நாளில் மேஸ்திரி பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டிருந்தேன். வீடு முழுக்கத் தூசியோடு, எத்தனை மாதம் எல்லாருக்கும் வழி விட்டு அத்தை பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாதா? அவளுக்கு நல்ல செய்தி சொல்லக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“இனிமே தோண்டவே மாட்டாங்களாம் அத்த. எங்க பேரம்பேத்தி காலம்வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம்.”

“அப்படியா” என்றாள் அத்தை. “நல்லதுதான் தாயி.”

கையை விட்டாள். நான் சாலைக்கு ஓடினேன்.