இரண்டு கல் பிடுங்கிய இடம்

பிற்பகல் மூன்று இருபது ஆகியும் என் கைப்பேசி ஒலிக்கவில்லை. வடக்கே ஒரு தாதுச் சுரங்கத்தில் பொறியாளராக இருக்கும் என் மகள், வேலை முடிந்து மேலே வந்ததும் என்னை அழைப்பாள். மூன்று மணியைத் தாண்டவிடமாட்டாள். சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலின் கீழ், ஒரு கல்தூணில் சாய்ந்தபடி காத்திருந்தேன்.

தூண் எப்படி விழும் என்பதை அந்தப் பந்தலின் கீழ்தான் அவள் எனக்கு விளக்கியிருந்தாள். மினி டிராக்டர் திரும்ப இடமில்லை என்று என் தம்பி நடுவிலிருந்து பந்தல் தாங்கும் இரண்டு கல்லைப் பிடுங்கியிருந்தான். கம்பியை இழுத்துக் கட்டினால் போதும் என்பது அவன் கணக்கு. பொங்கலுக்கு வந்த மகள் அந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாமா, அந்த ரெண்டு கல்லும் சுமந்த பாரம் எங்க போச்சுன்னு நெனைக்கிறீக?"

"டிராக்டருல ஏத்திக் கம்பம் சந்தைக்கு அனுப்பிட்டேன் ஆத்தா. ஒன் படிப்பச் சுரங்கத்தோட வச்சுக்க."

அவளும் சிரித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். தாதுவை வெட்டும்போது, கூரை இறங்காமலிருக்க நடுநடுவே பாறையையே தூணாக விட்டுவைப்பார்களாம். சுற்றிலும் வெட்ட வெட்ட, மிஞ்சிய தூண்களின் மேல் பாரம் ஏறும். முதலில் பக்கங்கள் சில்லுச் சில்லாக உதிர்ந்து தூணின் இடுப்பு ஒடுங்கும். ஒன்று நொறுங்கினால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். ஏற்கெனவே திணறும் அவையும் வரிசையாகப் போய்விடும். "உதிர ஆரம்பிச்சா யோசிக்கக் கூடாதும்மா, வெளிய வந்துரணும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நாலு மணிக்கு மேல், அவளோடு வேலை செய்யும் மலையாளி ஒருவர் அழைத்தார். அவர் மொழி எங்களுக்குப் புரியும். புரியாமலே போயிருக்கலாம். கீழே ஒரு தூண் நொறுங்கிவிட்டது. உதிர்வதைக் கண்ட என் மகள் ஆட்களையெல்லாம் வெளியேற்றினாள். அவளை மட்டும் இன்னும் காணவில்லை.

தம்பி என் அருகில் உட்கார்ந்தான். காற்றில் முற்றிய குலைகள் அசைந்தன, கம்பி முனகியது. நான் சாய்ந்திருந்த தூண், கல் பிடுங்கிய இடத்துக்கு அடுத்தது. அதன் அடிமண் பிளந்திருந்ததை அப்போதுதான் கண்டேன்.

இருட்டிய பிறகு அவள் குரல் வந்தது. தூசியில் வழி மறைந்து, வேறு பாதையில் சுற்றி வந்திருக்கிறாள். "மேல வந்துட்டேம்மா." தூணைப் பற்றி மறுநாள் தம்பியிடம் சொன்னேன். அறுப்பு முடியட்டும் என்றான்.

இன்று கல் பிடுங்கிய இடத்தில் புதுக்கல் நிற்கிறது. மகள் மறுபடி சுரங்கத்துக்குப் போய்விட்டாள். மூன்று மணியானால், அந்தத் தூண் நொறுங்கியதற்கு அடுத்த வாரம் அவள் வந்து நின்ற காட்சிதான் என் கண்ணில் வருகிறது. ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நேரே பந்தலுக்குள் வந்தாள். குலை பறிக்கும் பெண்களோடு நானும் தம்பியும் இருந்தோம். "வாத்தா, இனிப்புக் குலையாப் பாத்து ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்றான் தம்பி. அவள் அடிமண் பிளந்த அந்தத் தூணின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலே கம்பியைப் பார்த்தாள்.

"கூடைய அங்கனயே போடுங்க மாமா. எல்லாரும் வெளிய போங்க" என்றாள். "நான் கடைசியா வாரேன்."