விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த அரசு வாரியம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள். சட்டசபை கேட்டபோதே எங்களால் சொல்ல முடியவில்லை. பெங்களூரில் அப்போதெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு மழை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். நாங்கள் முப்பத்தொரு பேரும் உள்ளே இருந்தபடி அதைக் கவனித்துக்கொள்வோம். ஒருநாள் அரசாங்கம் எங்களைக் கவனித்தது. அத்தனை பேரும் உபரி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று பட்டியல் தயாரானது.

காப்பாற்றியது ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்வி. எத்தனை பேரை நீக்குகிறீர்கள், ஏன், யார் முடிவு செய்தது? சபையில் கேள்வி நிலுவையில் இருக்கும்வரை நீக்கல் உத்தரவில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. பதில் எழுதும் வேலை, பட்டியலில் பதினேழாவதாக இருந்த எனக்கே வந்தது. இரண்டு கூட்டத்தொடருக்கும் ஒரே வரியை அனுப்பினேன்: 'மாஹிதி சங்க்ரஹிஸலாகுத்திதெ.' விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது. கன்னடத்தில் அதைவிடக் கருணையான வாக்கியம் எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்துக்குள் முப்பத்தொரு குடும்பங்கள் குடியிருந்தன.

பட்டியலில் கடைசிப் பெயர், டெலிபோன் போர்டில் இருந்த ஆஸ்டின் டவுன் அக்காவுடையது. தினமும் கேட்பார்: "என்னா தம்பி, சேகரிக்கிறியா?"

"சேகரிச்சுக்கிட்டேதான் இருக்கேன் அக்கா."

"மெதுவா சேகரி. எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினோரு மாசம். ரிட்டயர் ஆனவங்க எல்லாரையும் அனுப்பினாப்பல என்னையும் மாலை போட்டு ஆபீஸ் ஜீப்புல வீட்டு வாசல்ல இறக்கணும். தெரு பூரா பாக்கணும். அப்புறம் இழுத்து மூடிக்கோங்க."

மூன்றாம் முறை மேலாளர் கூப்பிட்டார். பட்டியலின் முதல் பெயர் அவர்.

"அதே வரி இனிமே செல்லாதாம்ப்பா. ஸ்வல்ப குழப்பமா ரெண்டு பாரா எழுது. மெம்பர் எழுந்து நாலு துணைக் கேள்வி கேக்கணும், மந்திரி முழிக்கணும், விஷயம் கமிட்டிக்குப் போகணும். போச்சுன்னா ஒரு வருஷம் நிம்மதி."

குழப்பமாக எழுதுவது எனக்கு இயல்பாக வரக்கூடியது. என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைகள் சாட்சி. ஆனால் மந்திரி அதை உரக்கப் படிப்பார் என்பது நினைவுக்கு வந்து தொலைத்தது. என் எழுத்தை முதன்முறையாக ஒருவர், அதுவும் மைக் வைத்து! காக்ஸ் டவுன் வீட்டு மாடியில் நான்கு நாள் உட்கார்ந்து அடித்தேன், திருத்தினேன். பளிங்குபோல வந்தது. கடைசிப் பத்தியில் மெல்லிய சோகம்கூட இருந்தது. மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார். அது வாரியத்தின் மரபு.

அக்காவும் நானும் பாஸ் வாங்கிப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். பேச்செல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. கீழே வெள்ளைச் சட்டைகள் மெதுவாக அசைந்தன. பிறகு என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து கூரைவரை மிதந்து வந்தன. கண்ணை மூடிக்கொண்டேன். என் வேலை போவதை அவ்வளவு நல்ல கன்னடத்தில் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

துணைக் கேள்வி உண்டா என்றார் சபாநாயகர். உறுப்பினர் எழுந்தார். இவ்வளவு தெளிவான பதிலைத் தான் இங்கே கேட்டதே இல்லை, திருப்தி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தூறலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. நாலு தப்பு விட்டிருக்கக் கூடாதா, பாவி?"

நீக்கல் உத்தரவில் கையெழுத்து விழுந்தது. அடுத்த மாதக் கடைசி நாளில் மேலாளர் சிவாஜிநகரிலிருந்து மாலை வரவழைத்தார். முப்பத்தொரு பேருக்கும் ஒன்றே. பட்டியல் வரிசைப்படி கழுத்து மாறி மாறி டெலிபோன் போர்டுக்கு வந்து சேர்ந்தபோது நாரும் ஏழெட்டுச் சாமந்தியும்தான் மீதி. ஜீப்பை முந்தின வாரமே ஒப்படைத்திருந்தார்கள்.

அக்கா மாலையைக் கழற்றவில்லை. அப்படியே பஸ் ஏறினார். நானும் ஏறிப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"என்னாம்மா, மாலையெல்லாம் போட்டுக்கினு? என்னா விசேஷம்?" என்றார் கண்டக்டர்.

அக்கா என்னைக் கைகாட்டினார்.

"இவரு எழுத்தாளருப்பா."